‘எல்லாம் சரிதானே?’

படிவம் நான்கு மாணவி ஒருத்தி. ஆய்வுக்கூடப் பாடம் முடிந்த பிறகும் போகாமல், கழுவிய முகவைகளையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். “எல்லாம் சரிதானே?” என்றேன். “சரிதான் டீச்சர்” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதுவும் சரியாக இல்லை என்பது, ஒரு மாதம் கழித்து அவள் ஆலோசக ஆசிரியரிடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கோளாறு என் கேள்வியில் இருந்தது. அந்தத் ‘தானே’, ‘சரி’ என்ற பதிலை முன்கூட்டியே அவள் வாயில் வைத்துவிட்டது. ‘நல்லா இருக்கீங்களா?’ என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். வீட்டில் என்ன நடந்தாலும் “நல்லா இருக்கேன்” என்று சொல்வதுதானே நம் வழக்கம்!

மனநல ஆலோசகர்கள் பலர் முதல் வாக்கியத்தில் கவனமாக இருப்பதும் இதனால்தான். வாசலில் பெயர் சொல்லி ஒரு வணக்கம், உட்கார்ந்த பின் “இன்று எதிலிருந்து தொடங்கலாம்?” என்பது போன்ற ஒரு கேள்வி. எங்கே தொடங்குவது என்பதை நோயாளியிடமே விட்டுவிட வேண்டும் என்று சிக்மண்ட் ஃபிராய்ட் 1913இலேயே எழுதினார். தீர்வுநோக்குச் சிகிச்சையை உருவாக்கிய ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் தம்பதியரின் வழி வேறு. அதில் இரண்டாம் சந்திப்பு முதல் “என்ன முன்னேற்றம்?” என்று கேட்டுத் தொடங்குவார்கள். இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. மோசமான வாரத்தைக் கடந்து வந்தவருக்கு அதுவும் ஒரு ‘தானே’தான்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்கள் 2007இல் ஜான் ஹெரிட்டேஜ் குழுவினர் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வைப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளோடு வந்த நோயாளிகளிடம், வேறு குறை உண்டா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். ‘எனிதிங் எல்ஸ்’ என்று கேட்டபோது ஏறக்குறைய 53 விழுக்காட்டினரே ஆம் என்றார்கள். ‘சம்திங் எல்ஸ்’ என்று கேட்டபோது அது 90 விழுக்காடு. மாறியது ஒரே சொல்.

பள்ளி ஆலோசனை அறை என்றால் கட்டொழுங்கு அறையின் தம்பி என்று நினைக்கும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே முதல் கேள்வி “என்ன செய்தாய்?” என்றிருந்தால், அதோடு விசாரணை தொடங்கிவிட்டது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு கனிவாகப் பேசினாலும் வாய் திறக்காது.

இப்போதெல்லாம் முகவையோடு நிற்கும் பிள்ளையிடம் நான் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுக்கிறேன். “எனக்கு அவசரம் இல்லைம்மா, உட்காரலாம்” என்கிறேன். சிலர் உட்காருகிறார்கள்.