பழைய செயினைப் பக்கத்துல வச்சு புதுசை வெட்டாதீங்க



கோயில் குரூப்புல சைக்கிள் பத்தி எழுதுறேனேன்னு பெரியவங்க கோவிச்சுக்க வேணாம். ஞாயிறு பூஜை முடிஞ்சதும் தஞ்சோங் மாலிம்ல இருந்து நம்ம பசங்க காலும்பாங், கெர்லிங் வழியா கோல குபு பாரு வரைக்கும் மிதிக்கிறது உங்களுக்குத் தெரியும். தெம்பு உள்ளவங்க பிரேசர் மலை ஏத்தத்தையும் விடுறதில்ல. போன தடவை மேட்டுல ஒரு தம்பி கடைசிப் பெரிய பல்சக்கரத்துக்கு மாத்தினான். செயின் விறைச்சு, கியர் மாத்துற ஆர்டி ஹேங்கரோட பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. பின்னால லாரி வர்ற ரோடு. முழங்கைச் சிராய்ப்போட போச்சு, அவன் புண்ணியம்.

காரணம் சின்னது. பழைய கேசட்ல பெருசு 42 பல்லு. புதுசா 51 போட்டான். கடையில பழைய செயினைப் பக்கத்துல வச்சு அதே அளவுக்கு வெட்டிக் கொடுத்துட்டாங்க. இது தப்பான பழக்கம் என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்க. பெடல் அச்சுல இருந்து பின் சக்கர அச்சு வரைக்கும் 17.1 அங்குலம். அதை இரண்டால பெருக்கினா 34.2. முன்னால 32 பல்லு, நாலால வகுத்தா 8. பின்னால 51, அதுல 12.75. மேலே ஒரு அங்குலம். கிட்டத்தட்ட 56 அங்குலம். ஒரு கண்ணி அரை அங்குலம், ஆக 112 கண்ணி. 42 பல்லுக்கு இதே கணக்குல 108 போதும். நாலு கண்ணிதான் வித்தியாசம்!

பாட்டன் காலத்து எஸ்டேட் சைக்கிளுக்கும் முன்னால ஒரே பல்சக்கரம்தான், ஆனா பின்னாலயும் ஒண்ணுதான். செயின் தொங்கினா நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கிடுவாங்க. இப்போதைய கியர் வண்டியில சக்கரம் நகராது. தொய்வை ஆர்டி இழுத்துப் பிடிக்கும்; இல்லாத நீளத்தை அதால கொடுக்க முடியாது. செயின் நீளமா இருந்தா சின்னப் பல்லுல தொங்கி, பள்ளத்துல சடசடன்னு அடிக்கும், கழண்டும் போகலாம். தொந்தரவுதான், ஆனா குட்டையா இருந்தா வண்டியே உடையும். சாமிக்கு மாலை கட்டுறவங்களுக்கு இது தெரியும்: கூடினதைக் குறைச்சுக்கலாம்.

கணக்கு வேணாம்னா, ஆர்டிக்குள்ள நுழைக்காம செயினை முன் பல்சக்கரத்துலயும் பின்னால பெருசுலயும் சுத்தி இறுக்கிப் பிடிங்க. முனைகள் சேர்ற இடத்துல இருந்து இரண்டு கண்ணி கூட விடுங்க. பெரிய கேசட்டுக்குச் சில கம்பெனிகள் இன்னும் கூடுதலா கேட்கும். பெட்டியில வர்ற தாளைத் தூக்கிப் போடாதீங்க. பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டின்னா, அது அமுங்கி அச்சுகளுக்கு நடுவே தூரம் அதிகமாகிற நிலையில அளக்கணும். குயிக் லிங்க் போடுற செயின்ல கண்ணி எண்ணிக்கை இரட்டைப்படையாத்தான் வரும், ஒத்தையா வந்தா மேலே ஏத்திக்குங்க. கேசட்டே மாத்தலைன்னாலும் பழசோட கண்ணியை எண்ணுங்க, நீளத்தைப் பார்க்காதீங்க. தேய்ஞ்ச செயின் ஒரு கண்ணி அளவுக்குக் கூட நீண்டிருக்கும்.

என்னைக் கேட்டா, எல்லா வண்டியையும் அளந்து பார்க்கிற வரைக்கும் பிரேசர் மலைப் பக்கம் யாரும் போக வேணாம். வர்ற ஞாயிறு பூஜைக்கு அப்புறம் செயின் கட்டரோட மண்டபத்துக்குப் பின்னால இருப்பேன். பிரசாதம் சாப்பிட்டு, எண்ணெய்க் கையைத் துடைக்க ஒரு பழைய துணியோட வாங்க.