சேர்த்து வைப்பது சேமிப்பு ஆகாது

விதைத் திருவிழா எங்கே நடந்தாலும் இப்போது கூட்டம் வருகிறது. நல்ல விசயம். ஆளுக்குப் பத்து, பதினைந்து ரகம் நாட்டு விதை வாங்கி வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் பாலித்தீன் பையோடு அலமாரியில் போட்டு, "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுடறோம். ஆடி பிறந்து எடுத்தால் எந்த ஊர்க் கத்தரி, எந்த வருசத்து விதை, ஒன்றும் தெரியாது. அவரையை வண்டு துளைத்திருக்கும்.

இதை விதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதினைந்து ரகத்தை வாங்கிச் சாகவிடுவதைவிட, மூன்றே ரகத்தை உயிரோடு வைத்திருப்பது மேல்.

விதை மூச்சு விடும் உயிர். ஈரமும் வெக்கையும்தான் அதற்கு எமன். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதை அறிவியலில் ஒரு பொதுக் கணக்கு. விறகடுப்புப் புகைக்கு மேலே விதையைக் கட்டித் தொங்கவிட்ட காலம் வேறு. அந்தப் புகை விதையை உலர்த்தியது, பூச்சியை விரட்டியது. இன்றைய கேஸ் அடுப்புக்கு மேலே வருவது நீராவி. சமையலறைப் பரண் விதைக்கு ஆகாது.

நன்றாகக் காய்ந்த விதையைச் சலித்த சாம்பலோடு கலந்து, காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். அவரை, தட்டைப்பயறுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வண்டின் முட்டை காட்டிலிருந்தே கூட வந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்துக் குளிர்ச்சி போன பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் விதைமேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

பாட்டில்களைப் பயிர்வாரியாக அடுக்குவதைவிடப் பட்டவாரியாக அடுக்குவது நல்லது. ஆடிப்பட்டத்துக்கு ஒரு பெட்டி, தைப்பட்டத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு சீட்டு: ரகம், ஊர், கொடுத்தவர் பெயர், விதை எடுத்த மாதம், வருசம். வெங்காய விதை ஒரு வருசம் தாண்டினாலே முளைப்பு விழுந்துவிடும். அதை முன்னால் வையுங்கள். கத்தரி, தக்காளி, பூசணி நன்கு காய்ந்திருந்தால் 3 வருசம்கூடத் தாங்கும். சந்தேகம் வந்தால் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். 14 முளைத்தால் 70 சதவீதம், தாராளமாக விதைக்கலாம்.

ஆனாலும் எவ்வளவு நல்ல பாட்டிலும் தங்குமிடம்தான். விதை மண்ணுக்குப் போக வேண்டும், அடுத்த வீட்டுக்கும் போக வேண்டும். நெல் ஜெயராமன் 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். பாரம்பரிய நெல் பரவியது அப்படித்தான். காய்கறிக்கும் அதே வழக்கத்தை நாம் ஏன் கொண்டுவரக் கூடாது? பத்துக் கத்தரி விதை வாங்கியவர் இருபதாகத் திருப்பட்டும். என் தோட்டத்தில் மழையால் அழிந்தாலும் பக்கத்துத் தோட்டத்தில் அந்த ரகம் இருக்கும்.

விதையைச் சேமிக்க, விதைக்க, பகிர, விற்க 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. ஆனால் முளைக்காத விதையை வைத்துக்கொண்டு எந்த உரிமையைக் காப்பாற்றப் போகிறோம்? அடுத்த திருவிழாவுக்குக் கிளம்பும் முன் அலமாரியில் இருக்கும் பைகளை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.