ஐந்து முறை சரியானால் ஆறாவதும் சரியாகுமா?



4 294 967 297 என்னும் எண் முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா? இறுதி இலக்கம் 7 ஆகையால் இது 2 ஆலும் 5 ஆலும் வகுபடாது, நிறைவர்க்கமும் அன்று. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 ஆகையால் 3 ஆலும் வகுபடாது. இவ்வளவோடு பலர் “முதன்மை எண்” என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவர்.

இதே முடிவுக்கு ஒரு மேதையும் வந்தார். பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் பேர்மா 2 இன் வலுக்களுடன் 1 ஐக் கூட்டிப் பார்த்தார். சுட்டி 1, 2, 4, 8, 16 என இரட்டிக்கும்போது 3, 5, 17, 257, 65 537 ஆகியன கிடைக்கின்றன. ஐந்தும் முதன்மை எண்கள். எனவே இக்கோலத்தில் வரும் எண்கள் யாவும் முதன்மை எண்களே என அவர் 1640 இல் கருதினார். ஆயினும் அதைத் தம்மால் நிறுவ முடியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆறாவது உறுப்பாகிய 2³² + 1 தான் நாம் மேலே கண்ட எண். 1732 இல் ஒயிலர் என்னும் கணித அறிஞர் இதன் காரணிகளைக் கண்டார்:

4 294 967 297 = 641 × 6 700 417

இவ்விரண்டும் முதன்மை எண்கள். ஆகவே இது நான்கு காரணிகளை மட்டும் கொண்ட ஒரு சேர்த்தி எண்.

இதன் வர்க்கமூலம் 65 536 இலும் சற்றே பெரிது. அதுவரை 6542 முதன்மை எண்கள் உள்ளன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதா? தேவையில்லை. இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதையும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என ஒயிலர் நிறுவினார். அவ்வாறான முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. காரணம் அறிந்து செய்யும் கணக்கு எவ்வளவு சுருங்கிவிடுகிறது பாருங்கள்!

கோலத்தைக் காண்பது கணிதத்தின் தொடக்கம் மட்டுமே. அதைச் சரிபார்த்து நிறுவுவதே கணிதம் என்பது எனது உறுதியான கருத்து. எண்கோல வினாவில் முதல் இரண்டு உறுப்புகளுக்குப் பொருந்தியவுடன் பொது உறுப்பை எழுதிவிட்டு, மூன்றாம், நான்காம் உறுப்புகளுக்கு அதைப் பரீட்சித்துப் பாராமல் புள்ளிகளை இழப்போர் பலர். “ஐந்து வருடமாக இந்த அலகில் பெரிய வினா வரவில்லை, இம்முறையும் வராது” என ஓர் அலகையே ஒதுக்கிவைப்பதும் இதே தவறுதான். ஐந்து தடவை நடந்தது ஆறாந் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

பேர்மாவின் கோலத்தில் அடுத்து வரும் 27 உறுப்புகளும் சேர்த்தி எண்களே என இன்று அறியப்பட்டுள்ளது. ஆறாவது முதன்மை எண் இதுவரை எவருக்கும் கிடைக்கவில்லை.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 6 700 417 ஐ 641 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு தாளும் பேனையும் போதும்.