எரித்தவரும் சுரண்டியவரும்

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கடிதங்கள் 2024ஆம் ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகப் பதிப்பாகப் புதிதாக வெளிவந்தன. கிறிஸ்ரான் மில்லர், டோனல் மிற்செல் ஆகிய இருவரும் பதிப்பித்த அந்நூலில் 1304 கடிதங்கள் உள்ளன. இத்தகைய நூல் ஒன்று வெளிவரும் போதெல்லாம் ஒரு பழைய முணுமுணுப்பும் கூடவே எழுவதுண்டு. வாசற்படி தாண்டாமலும் வந்தவருக்கு முகங்காட்டாமலும் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் அந்தரங்கத்தைச் சந்திக்கு இழுப்பது தகுமா என்பதே அது. கேட்பதற்குக் கண்ணியமான கேள்விதான். ஆனால் அக்கடிதங்களுக்கு இறந்தவரின் சொந்த வீட்டாரும் அயலாரும் என்ன செய்தார்கள் என்பதை அறிந்தவர்கள் இக்கேள்வியை இத்தனை சாவதானமாகக் கேட்கமாட்டார்கள்.

எமிலி 1830இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் அம்ஹேர்ஸ்ற் என்னும் சிற்றூரில் பிறந்து, 1886இல் அதே வீட்டில் மறைந்தவர். ஏறத்தாழ 1800 கவிதைகளை எழுதினார். உயிருடன் இருந்தபோது அச்சேறியவை பத்தளவில். அவற்றிலும் அவரது பெயர் இல்லை. இதைக் கொண்டு அவர் மௌனமாய் இருந்தார் என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. 1862 ஏப்ரலில், அற்லாண்டிக் மன்த்லி சஞ்சிகையில் இளம் எழுத்தாளருக்கான கட்டுரையொன்றை எழுதிய தோமஸ் வென்ற்வேர்த் ஹிக்கின்சன் என்பவருக்கு, முன்பின் அறிமுகமின்றித் தாமாகவே கவிதைகளை அனுப்பியவர் அவர். தோழியருக்கும் ஒன்றுவிட்ட சகோதரிகளுக்கும் அடுத்த வீட்டு அண்ணிக்கும் எழுதிய கடிதங்களிலே நூற்றுக்கணக்கான கவிதைகளை வைத்தனுப்பினார். அச்சகத்தை நாடாதவருக்குத் தபாலே பிரசுரமாக இருந்தது. வாசகரைத் தாமே தெரிவுசெய்த ஒருவரை, வாசகரே வேண்டாதவர் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவர் மறைந்த பின்னர், அவருக்குப் பிறர் எழுதிய கடிதங்களைத் தங்கை லவீனியா எரித்தார். அது அக்காலத்து வழமை. இறந்தவரின் விருப்பமும் அதுவே. இலக்கியத்துக்கு அது பெரும் நட்டம், உரையாடலின் ஒரு பாதி நெருப்போடு போயிற்று. ஆயினும் லவீனியாமீது எனக்குக் கோபமில்லை. சொன்ன வாக்கைக் காத்தார், எரித்ததை மறைக்கவுமில்லை. எமிலியின் கவிதைக் கையேடுகளை எரிக்காமல், அவற்றை அச்சில் காண ஆள்மாறி ஆளிடம் அலைந்தவரும் அவரே.

எனது கோபமெல்லாம் சுரண்டியவர்கள் மீதே.

எமிலி தம் அண்ணன் ஒஸ்ரினுக்கு 1850களின் முற்பகுதியில் எழுதிய கடிதங்களில், பின்னாளில் அண்ணியாக வந்த சூசன் கில்பேர்ட்டைப் பற்றிய வரிகள் அழிக்கப்பட்டுள்ளன. சில இடங்களில் கத்தரிக்கப்பட்டுள்ளன. காரணம் ஊரறிந்தது. முதலாவது கடிதத் தொகுப்பை 1894இல் இரு பாகங்களாக வெளியிட்டவர் மேபல் லூமிஸ் ரொட். அவர் ஒஸ்ரினின் காதலி. சூசனோ ஒஸ்ரினின் மனைவி. எமிலி தம் வாழ்நாளில் மிக அதிகமாக எழுதியது சூசனுக்கு. அந்தச் சூசனுக்கு எழுதிய கடிதங்கள் அத்தொகுப்பில் இல்லை! சுரண்டிய கை மேபலினதா ஒஸ்ரினதா என்று ஆய்வாளர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். எவரது கையாயினும், எழுதியவரின் கையன்று. எமிலியை நேரில் ஒருநாளேனும் முகம் பார்த்துப் பேசியிராத மேபல், அவரது நட்பு வட்டத்தை உலகுக்கு வரையறுத்துக் கொடுக்கும் நிலைக்கு வந்தமை விதியின் கேலி என்றே சொல்லவேண்டும்.

நானும் ஆசிரியபீடத்தில் இருந்து பிறர் எழுத்தை வெட்டியவன்தான். இடம் போதாதென்று வெட்டியிருக்கிறேன், சட்டத்துக்கு அஞ்சி வெட்டியிருக்கிறேன். ஆனால் வெட்டுவதற்கும் ஒரு தர்மம் உண்டு. வெட்டிய இடத்தில் புள்ளி வைக்கவேண்டும், மூலப்பிரதியைத் தொடக்கூடாது. மூலத்தையே சுரண்டுகிறவர் பதிப்பாசிரியர் அல்லர், சாட்சியத்தை அழிப்பவர்.

மற்ற வீட்டார் மாத்திரம் உத்தமர்களா? சூசனின் மகள் மார்த்தா டிக்கின்சன் பியாங்கி 1924இலும் 1932இலும் வெளியிட்ட நூல்களில் தம் தாய்க்கு எமிலி எழுதிய கடிதங்களைச் சேர்த்தார். அவற்றைப் பிற்காலத்து முழுப் பதிப்புடன் ஒப்பிட்டால், அன்பு மிகுந்து கொதிக்கும் வரிகளெல்லாம் மெல்லக் கழற்றப்பட்டிருப்பது தெரியும். ஒரு வீடு சூசனை நீக்கியது. மறு வீடு சூசன் மீதான வேட்கையை நீக்கியது. இதற்கிடையில், ஒஸ்ரின் இறந்தபின் ஒரு துண்டுக் காணிக்காக லவீனியாவும் மேபலும் நீதிமன்றம் ஏறினர். 1898இல் லவீனியா வென்றார். தோற்ற மேபல் கையிலிருந்த கடதாசிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பெட்டி திறக்கப்படவில்லை. காணிச் சண்டையில் இலக்கியம் அடைமானம் போவது எந்த நாட்டுக்கும் புதிதல்ல.

இனி, தோமஸ் ஜோன்சனின் 1958ஆம் ஆண்டு மூன்று பாகப் பதிப்பு. அது பெரும்பணி, ஐயமில்லை. ஆனால் அவரே தமது முன்னுரையில், இக்கவிஞர் சரித்திரத்தில் வாழாதவர் என்ற பொருள்பட எழுதிவைத்தார். அதை நம்பி இரு தலைமுறை வாசித்தது. 1862 மார்ச்சில் அம்ஹேர்ஸ்ற் கல்லூரி முதல்வரின் மகன் ஃபிரேசர் ஸ்ரேர்ன்ஸ் நியூபேர்ன் போர்க்களத்தில் வீழ்ந்தபோது, அவ்விளைஞனின் உடல் ஊர் வந்த விதத்தையும் அண்ணன் நிலைகுலைந்ததையும் எமிலி நோர்க்குறொஸ் சகோதரிகளுக்கு எழுதினார். யுத்தத்தைப் பார்த்த ஊர்க்காரர் எவருக்கும் அந்தக் கடிதத்தின் மூச்சுத்திணறல் விளங்கும். கறுப்பினப் படையணியொன்றுக்குத் தளபதியாகச் சென்ற ஹிக்கின்சன் காயமுற்ற செய்தி கேட்டும், தாமே கண் சிகிச்சையில் இருந்த நிலையில் நலம் விசாரித்து எழுதினார். இதுவா சரித்திரத்துக்கு வெளியே வாழ்ந்தவரின் செயல்? நோர்க்குறொஸ் சகோதரிகள் மூலக் கடிதங்களைப் பதிப்பாளரிடம் கொடுக்காமல், தாம் விரும்பிய பகுதிகளைப் பிரதிசெய்தே கொடுத்தனர். மூலங்கள் இன்று இல்லை. அந்தப் போர்க்கடிதத்தில் அவர்கள் எதை விட்டார்களோ, அது போனது போனதுதான்.

காதலனைத் தேடும் கூட்டம் ஒன்றும் உண்டு. பெயரிடாத 'எஜமான்' ஒருவரை விளித்து எழுதிய மூன்று வரைவுகள் அவரது கடதாசிகளிடையே கிடைத்தன. அவற்றின் முழு வாசகம் 1955இல் வெளியானது. அன்று முதல் பாதிரியார், பத்திரிகையாசிரியர் என்று எத்தனை பேரை அந்தக் கதிரையில் இருத்திப் பார்த்துவிட்டார்கள்! அந்தரங்கத்தை மீறுவது என்றால் இதுதான் மீறல். முழுமையாகப் பதிப்பிப்பவரை விட்டுவிட்டு, இந்த வம்பளப்பவரிடம் போய் நமது கண்ணியவான்கள் கேள்வி கேட்கட்டும்.

சூசனைத் தமது மற்றொரு சகோதரியாகப் போற்றி எமிலி எழுதிய கவிதையொன்று உண்டு. தம் கையால் தைத்த கையேட்டில் அதை எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தின் வரிகள்மீது யாரோ மைகொண்டு அழுத்திக் கீறியிருக்கிறார்கள். வாசிக்க முடியாதபடி செய்வதே நோக்கம். ஆனால் அதே கவிதையை எமிலி 1858இல் ஒரு பிரதி எடுத்து, வேலிக்கு அப்பால் இருந்த சூசனுக்குக் கடிதமாக அனுப்பியிருந்தார். மை பூசியவருக்கு அந்தப் பிரதி எட்டவில்லை. 1914இல் அது அச்சேறியது.