ஏடும் சுருளும் வீடியோ விளையாட்டும்

தமிழ்த்துறை மலரில் வீடியோ விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று இதனைப் புரட்டுவோர் வியக்கக்கூடும். ஐம்பது ஆண்டுகட்கு முன்னர்த் திரைப்படத்தைப் பற்றி ஒரு தமிழாசிரியர் எழுதியிருப்பின் இதே வியப்பு எழுந்திருக்கும். அன்று பல இல்லங்களில், சிறப்பாக நம் முசுலிம் இல்லங்களில், திரையரங்கு செல்வதே மறைத்துச் செய்யும் செயலாக இருந்தது. இன்றோ நாவலையும் திரைப்படத்தையும் ஒப்பிட்டு ஆய்வேடுகள் எழுதப்பெறுகின்றன. கதை எக்கருவியில் ஏறி வந்தாலும் கதையே. அதனைப் படிக்கவும், படித்ததோடு நில்லாமல் காக்கவும் தமிழ்த்துறைக்குக் கடமை உண்டு என்பது என் துணிபு.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் நலம். வீடியோ விளையாட்டு என்றவுடன் பெற்றோர் பலர்க்குப் பணம் வைத்து ஆடும் ரம்மியே நினைவுக்கு வருகிறது. அது சூது. மார்க்கம் அதனை விலக்கியுள்ளது. வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தை அதற்கென்றே ஒதுக்கினார். தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2022இல் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. துப்பாக்கி ஏந்திச் சுட்டுத் தள்ளும் ஆட்டங்களுக்காகவும் யான் வாதாட வரவில்லை. அவற்றில் கதை ஊறுகாய் அளவே. கதையையே உயிராகக் கொண்டு, ஒரு புதிரை அவிழ்த்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும் என்னும் அமைப்புடைய விளையாட்டுகளைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

இவ்வமைப்பு தமிழுக்குப் புதிதன்று. இசுலாமியத் தமிழ் இலக்கிய வகைகளுள் ஒன்றாகிய மசலா வினாவும் விடையுமாக நடப்பது. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, முழுமையாகக் கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது என்பர். அதில் அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்கிறார்கள். நூறு மசலாவிலோ ஓர் அரசிளங்குமரி நூறு வினாக்களைத் தொடுக்கிறாள். அனைத்துக்கும் விடை கூறுபவனையே மணப்பாள். ஒரு விடை தவறினாலும் கதை அவ்விடத்திலேயே நின்றுவிடும். (விக்கிரமாதித்தன் கதையில் நேர்மாறு. அங்கே அவன் சரியான விடையைச் சொல்வதனால்தான் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறுகிறது, கதையும் தொடர்கிறது.) இவற்றைப் படிக்கக் கேட்டவர்கள் வாளா கேட்டிருக்க மாட்டார்கள். புலவர் விடையைக் கூறுமுன் தாமும் ஒரு விடையை எண்ணிப் பார்த்திருப்பார்கள். கேட்பவனைக் கதைக்குள் இழுத்து வேலை வாங்கும் இக்கலையைத் திரைப்படம் பெரிதும் கைவிட்டது. வீடியோ விளையாட்டு அதனை மீட்டெடுத்துள்ளது.

சான்றாக ஒன்றைக் காட்டுவேன். அதன் பெயரே 'வெண்பா'. டொரான்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதனை 2023 சூலை 31ஆம் நாள் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை அது. (பெயர்களைப் பார்த்தால் வீட்டில் யாரோ தமிழாசிரியர் இருந்திருக்க வேண்டும்!) 1988இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீளும் கதையை இரண்டு மணி நேரத்திற்குள் ஆடி முடித்துவிடலாம். சமைக்கும்போது வானொலியில் ஒலிக்கும் பாடல்கள் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக இயற்றப்பெற்றவை. பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகம் 2024இல் முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. திரைப்படத்திற்குப் பரிசளிக்கும் அவையே விளையாட்டுக்கும் பரிசளிக்கிறது என்பதைத் தயங்குவோர் கருத வேண்டும்.

வெண்பாவிடம் அவள் தாயின் சமையற் குறிப்பேடு ஒன்று உள்ளது. ஆங்காங்கே கிழிந்து, எழுத்து அழிந்து போன ஏடு அது. எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு விடுபட்டதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் ஏறும்? பிரியாணிக்கு எதன்மேல் எது? தவறாகச் செய்தால் பண்டம் கெடும். மீண்டும் ஏட்டைப் பார்க்க வேண்டும். பின்னர், வளர்ந்த கவின் தன் தடுமாறும் தமிழைக் கொண்டு அதே ஏட்டைப் படித்துச் சமைக்க முயலும் பகுதி வருகிறது. அதுவே இவ்விளையாட்டின் உச்சம் என்பேன். திரைப்படமாயின் அவன் தடுமாறுவதை நாம் நாற்காலியில் அமர்ந்து பார்த்திருப்போம். இங்கே தடுமாறுவது நம் கை.

பதிப்பு வரலாறு படித்த மாணவர்க்கு இது எங்கோ கண்ட காட்சியாகத் தோன்றும். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இராது. அடி பிரித்தும் எழுதப்பெறவில்லை. செல்லரித்த இடத்தில் என்ன சொல் நின்றிருக்கும் என்பதை எதுகையையும் சீரையும் கொண்டு உய்த்துணர வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் உ.வே.சாமிநாதையர் செய்த பணி அத்தகையது. அவர் தேடிச் சேர்த்த ஏடுகள், 1943இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில், இன்று பெசன்ட் நகரில் உள்ளன. உணவுக் குறிப்பையும் காப்பியத்தையும் ஒப்பிடலாமா என்று சினப்போர்க்கு ஒன்று கூறுவேன்: அழிந்த எழுத்தின்முன் அமர்ந்து மூலத்தைத் தேடும் மனநிலை இரண்டிற்கும் ஒன்றே. பாடவேறுபாடு என்பதை வகுப்பில் விளக்க எனக்கு இதனினும் எளிய வழி கிடைக்கவில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. துயரத்தை வெண்பா விரைந்து கடந்துவிடுகிறது. இன்னும் இரண்டு காட்சிகள் இருந்திருப்பின் பாவலன் நம் மனத்தில் ஊன்றியிருப்பான். எனினும் அறுபது, எழுபது மணி நேரம் ஓடும் பெருங்கதை விளையாட்டுகளைவிட இச்சிறு படைப்பையே யான் மேலாகக் கருதுகிறேன். அவற்றுள் பல, நடுநடுவே பொத்தானை அழுத்தச் சொல்லும் நீண்ட திரைப்படங்களே.

இனிக் காத்தல் பற்றி. தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமாகிய நடராச முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' படத்தின் ஒரு படியும் எஞ்சவில்லை. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை, எளிதில் தீப்பற்றுபவை. பின்னர் வந்த அசிட்டேட் சுருள்களும் வெப்பமும் ஈரமும் மிகுந்த சென்னைக் காற்றில் காடி நாற்றம் வீசிச் சுருங்கும். ஆனால் திரையரங்க வாசலில் விற்கப்பெற்ற பழைய பாட்டுப் புத்தகங்கள் பல தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. படம் போயிற்று, மலிவுத் தாள் நின்றது. மயிலாப்பூர்க் கபாலியும் தியாகராய நகர் ராஜகுமாரியும் திரையரங்குகளாக இன்று இல்லை என்று வருந்துவோர் பலர். அவ்வரங்குகளில் ஓடிய படச்சுருள்கள் எங்கே போயின என்று வினவுவோர் சிலரே.

வீடியோ விளையாட்டின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1990களில் நம் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய கேசட் விளையாட்டுகளை நினைவுகூர்க. அவற்றுள் கதை உடைய சில, ஆடுபவர் எதுவரை வந்தார் என்பதைக் காசளவு மின்கலம் ஒன்றின் துணையால் நினைவில் வைத்திருந்தன. அம்மின்கலம் பதினைந்து இருபது ஆண்டுகளில் அடங்கும். அதனோடு அந்நினைவும் அடங்கும். இன்றைய விளையாட்டுகளோ பெரும்பாலும் இணையத்தின்வழி வருபவை. வெளியிட்டோர் கடையை மூடினால் புதிதாக வாங்க வழியில்லை. கருவி மாறினால் வாங்கியதும் ஓடாது. நன்கு பேணிய ஓலை முந்நூறு ஆண்டு நிற்கும். இவை முப்பது ஆண்டு நிற்குமா என்பதே ஐயம்.

இவ்வச்சம் மிகை என்பார் நம் துறை அலமாரியைத் திறந்து பார்க்கலாம். 1990களின் மலர்கள் அச்சில் உள்ளன. ஓரம் பழுப்பேறியிருப்பினும் ஓர் எழுத்தும் குறையவில்லை. அதன் பின்னர்க் கணிப்பொறியில் தட்டச்சு செய்த கட்டுரைகள் சில நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றைச் செருக நம் கணிப்பொறிகளில் இடமில்லை. இடம் கிடைத்தாலும் அவை அக்காலத் தனி எழுத்துருக்களில் உள்ளவை. 1999இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்ற அரசு 2010இல் ஒருங்குறிக்கு மாறியது. அவ்வெழுத்துரு இல்லாத இயந்திரத்தில் நம் கட்டுரைகள் பொருளற்ற உரோமன் குறிகளாகவே தோன்றும். ஓலையிலேனும் எழுத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆதலின் துறைக்கு யான் முன்வைப்பது சிறு வேண்டுகோளே. தமிழர் கதை கூறும் விளையாட்டு எது வெளிவரினும் ஒரு படி வாங்குக. அது ஓடும் கருவியையும் உடன் வைத்திருக்க. ஆண்டுதோறும் இரு மாணவர் அதனை முழுமையாக ஆடி, உரையாடல் முழுவதையும் தாளில் எழுதி, எந்த இடத்தில் எதனை ஊகித்தனர் என்பதையும் குறித்து வைக்கட்டும். அதுவே அதற்கு உரை நூலாகும். பொருட்செலவு மிகுதி என்று கூற இயலாது; ஒரு கருத்தரங்கின் மதிய உணவுக்கு ஆகும் தொகை கூட ஆகாது.

நெகிழ்வட்டுப் பெட்டியை மட்டும் குப்பை என்று எறிந்துவிட வேண்டா. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி ஒன்றுதான் வேண்டும்; ரிச்சி தெருவுக்குச் செல்லும் மாணவர் எவரேனும் விசாரித்து வருவாராக.