கதிரைக்கு ஒரு பாதீடு

நவம்பர், டிசம்பர் வந்தால் எங்கட பிரதேச சபைகளும் நகர சபைகளும் திடீரெண்டு செய்தியாகும். "பாதீடு ஏகமனதாக நிறைவேறியது", "ஒரு வாக்கால் தோற்கடிப்பு", "எதிர்த்தரப்பு வெளிநடப்பு". இந்தச் செய்திகளில் ஒன்றை மட்டும் தேடினாலும் கிடைக்காது: பாதீட்டுக்குள்ள என்ன இருந்தது?

இது ஊடகங்களின் சோம்பல் மட்டுமில்லை. சபைக்குள்ளேயே அதைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் குறைவு. காரணம் சட்டத்திலும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பாதீடு தோற்றால் தவிசாளர் இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டாந்தரமும் தோற்றால் அவர் பதவி விலகியதாகவே கருதப்படுவார். ஆக, பாதீட்டு வாக்கெடுப்பு என்பது தவிசாளரை இறக்குவதற்கான குறுக்குவழி.

யாழ்ப்பாண மாநகர சபையைப் பாருங்கோ. 2020 டிசம்பரில் பாதீடு இரண்டு தரம் தோற்று இமானுவேல் ஆர்னோல்ட் மேயர் பதவியை இழந்தார். அந்த வருசம் முடிய முன்னமே மணிவண்ணன் மேயரானார். 2022 டிசம்பரில் மணிவண்ணனின் பாதீடும் தோற்றது. அவரும் பதவி விலகினார். இந்தச் சண்டைகளில் யார் யாருக்கு வாக்களித்தார், எந்தக் கட்சி யாரின் காலை வாரியது எண்டு சொல்ல ஊரில ஆயிரம் பேர் இருக்கினம். எந்தச் செலவினத்தை எதிர்த்து வாக்களித்தார்கள் எண்டு சொல்ல ஒருவரைக் காட்டுங்கோ.

சின்ன சபைகளில் கதை இன்னும் மோசம். அங்க பாதீடு தயாரிப்பது என்பது பெரும்பாலும் போன வருசத் தாளை எடுத்து இலக்கங்களைக் கொஞ்சம் கூட்டுவது. பிறகு அபிவிருத்திக்கு மிஞ்சுகிற காசை உறுப்பினர்களுக்குச் சமனாகப் பிரிப்பது. ஒரு கோடி இருக்கு, இருபது உறுப்பினர் எண்டு வையுங்கோ. ஆளுக்கு ஐந்து இலட்சம். பார்க்க நியாயம் போல இருக்கும். ஆனால் வெள்ளவாய்க்கால் வட்டார எல்லை பார்த்து ஓடுவதில்லை. மேல் வட்டாரத்தில் அரை ஒழுங்கைக்குக் கொங்கிறீட், கீழ் வட்டாரத்தில் மதகு அடைப்பு, மாரி வந்தால் இரண்டு வட்டாரமும் தண்ணிக்குள்ள. சந்தையில் மீன் விற்கிற பெண்களுக்கு ஒழுங்கான மலசலகூடம், நூலகத்துக்குப் புதுப் புத்தகம், இதெல்லாம் எந்த வட்டாரத்துக் கணக்கில் வரும்? எல்லாருக்கும் பொதுவானது ஒருவருக்கும் சொந்தமில்லை. அதனால அது அடுத்த வருசத்துக்குத் தள்ளப்படும்.

"சபையிட்ட காசில்லை, என்ன செய்யிறது?" எண்டு உடனே சொல்லுவினம். பாதி உண்மை. சம்பளத்துக்கு மேலிடத்துக் காசை நம்பித்தான் சபைகள் ஓடுகின்றன. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை வழியாக வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். மற்றப் பாதியை ஏன் மறைக்கிறீர்கள்? ஆதனவரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம் எல்லாம் சபையின் கையில் இருப்பவை. பழைய மதிப்பீட்டில் வரி, பழைய ஒப்பந்தத்தில் கடை வாடகை, வருசக்கணக்கான நிலுவை. அறவிட்டால் வாக்குப் போகும் எண்ட பயம். நிலுவை வைத்திருக்கிற பெரிய கடைக்காரரைக் கேட்கத் துணிவில்லாதவர்கள் கடைசியில் வாய்க்கால் வெட்டக் காசில்லை என்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கோ. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. திறைசேரி காசு தரவில்லை எண்டு தேர்தல் தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6 வரைக்கும் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் அதிகாரிகளே பாதீடு போட்டார்கள். இப்ப உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். அதிகாரிகள் தனியப் போட்ட பாதீட்டையும் இவர்கள் கை உயர்த்தி நிறைவேற்றுகிற பாதீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. வித்தியாசம் தெரியாவிட்டால், நாங்கள் தேர்தல் கேட்டுப் போராடியது எதுக்கு?

பிழை அவர்களில் மட்டும் இல்லை. பாதீட்டு வரைபு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது எண்டு ஒரு அறிவித்தல் ஒட்டுவினம். நாங்கள் போறதில்லை. போனால் விளங்காத மாதிரித்தான் தாளும் இருக்கும். அதை விளங்கக் கேட்கிறது எங்கட வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கேட்க வேண்டியவை மூன்றே மூன்று. போன வருசம் ஒதுக்கியதில் உண்மையாகச் செலவானது எவ்வளவு? வர வேண்டிய வருமானத்தில் வராமல் நிற்பது எவ்வளவு, பெருந்தொகை யாரிட்ட? வட்டாரங்களுக்குப் பிரிக்க முன்னம் ஊருக்குப் பொதுவான வேலைகளுக்கு எடுத்து வைத்தது எவ்வளவு?

இதை டிசம்பரில் கேட்டுப் பிரயோசனமில்லை. அப்ப எல்லாரும் கதிரையை எண்ணிக்கொண்டு இருப்பினம். செப்டெம்பரில், தாள் இன்னும் எழுதப்படாத நேரத்தில், பத்துப் பேராகப் போய்க் கேட்போம். பாதீட்டை எதிர்ப்பதென்றால் எதிர்க்கட்டும். ஆனால் எந்த வரியை எதிர்க்கிறோம், அந்தக் காசை எங்க போடச் சொல்கிறோம் எண்டு கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லி எதிர்க்கட்டும். அதைச் சொல்ல முடியாத உறுப்பினருக்கு அடுத்த முறை எங்கட வாக்கு எதுக்கு?