நாடகக் கொட்டகைப் படியும் தலைவிதியும்

டோல்கேட்டிலுள்ள நமது தோழர் ஒருவருக்கு இரண்டு கால்களும் வழங்காது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஆனால் மனுஷருக்கு நாடகப் பித்து அதிகம். முன்பு தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் சினிமாவாவது பார்த்துக் கொண்டிருந்தார். 2020இல் அதுவும் மூடப்பட்டுவிட்டது. சென்ற மாதம் பட்டணத்து நடுவிலுள்ள பழைய நாடகக் கொட்டகை ஒன்றில் நல்ல நாடகம் நடக்கிறதென்று கேள்விப்பட்டு, மற்றவர்களைப் போலவே முழுப்பணம் கொடுத்து டிக்கெட்டு வாங்கிக் கொண்டு புறப்பட்டார். நாமும் கூடப் போயிருந்தோம்.

டோல்கேட்டு மெட்ரோ ரயில் நிலையம் தெருவுக்கு மேலே தூண்களின் மீது நிற்பது. 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தோழர் லிப்டில் ஏறினார், மேலே போனார், வண்டி வந்து நின்றதும் நாற்காலியை உருட்டிக் கொண்டு உள்ளே போய்விட்டார். ஒருவரும் அவரைத் தூக்கவில்லை. ஒருவரும் "ஐயோ பாவம்" என்று சொல்லவுமில்லை.

கொட்டகை வாசலில் ஏழு படிகள் இருந்தன. வேறு வழி உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார்கள். காவற்காரரும் வேறு மூன்று பேரும் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். "நாலு பேர் தூக்குகிற நாள் எனக்கு இன்னும் வரவில்லையே" என்று தோழர் சொன்னார். தூக்கியவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போன பிறகும் அவருக்கென்று ஓரிடம் இல்லை. நடைபாதையில் நிறுத்தினால் வழி மறிக்கிறது என்றார்கள். கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். மேடையில் பாதி அவருக்குத் தெரிந்தது. மீதிப் பாதியைக் காதால் கேட்டுக் கொண்டார். இடைவேளையில் காப்பி வாங்கிக் கொடுத்தோம், வேண்டாமென்றார். காரணம் கேட்டபோதுதான் காலையிலிருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லையென்று தெரிந்தது. கக்கூசு வாசல் நாற்காலி நுழையாத அகலமாய்த்தான் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வந்திருக்கிறார். போய்ப் பார்த்தோம். அவர் கணக்கு சரியாகவே இருந்தது.

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "போன ஜென்மத்தில் என்ன செய்தாரோ" என்று நம்மிடம் மெதுவாகச் சொன்னார். இரக்கத்தோடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் கேட்பது இது: சாயந்திரம் ரயில் நிலையத்தில் இருந்தவரும் இதே தோழர்தானே? அதே கால்கள், அதே நாள், அதே முன்ஜென்மம். அங்கே அவரை மறிக்காத கர்மம் இங்கே மட்டும் எங்கிருந்து வந்து மறித்தது? டோல்கேட்டில் லிப்டு இருந்தது, இங்கே இல்லை என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்? லிப்டை எதிர்த்து நிற்க முடியாத கர்மத்துக்கு ஏழு படிகளின் ஒத்தாசை வேண்டியிருக்கிறது. அந்தப் படிகளையோ எந்தப் பகவானும் கட்டவில்லை. ஓர் இஞ்சினீயர் படம் போட்டார், கொத்தனார் கூலிக்குக் கட்டினார். மனிதன் கட்டியதை மனிதன் மாற்றலாம்.

நிற்க, கொட்டகை நிர்வாகி படித்தவர். கர்மம் என்று அவர் சொல்லவில்லை. "இது பழமையான கட்டிடம், கை வைக்க முடியாது" என்றார். இதுவும் நமக்குப் பழகிய பேச்சுத்தான். பழமை என்று சொன்னவுடன் வாயை மூடிக் கொள்ள வேண்டும் என்பது கோவில் வாசலில் மட்டுமல்ல, கொட்டகை வாசலிலும் நடக்கிறது போலும். சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹால் 1880களில் எழுந்தது. சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் நாடகமாடிய இடம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது. மின்சார விசிறியும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில் கட்டிய இத்தகைய கட்டிடங்களில் பிறகு சுவரைத் துளைத்துக் கம்பி இழுத்தார்கள், விசிறி மாட்டினார்கள், ஒலிபெருக்கி வைத்தார்கள். அப்போதெல்லாம் பழமை கெடவில்லை. நிற்கக் கால் உள்ளவனுக்குக் காற்று வேண்டுமென்றால் சுவரைத் துளைக்கலாம், கால் இல்லாதவனுக்கு வழி வேண்டுமென்றால் மட்டும் பழமை கெட்டுவிடுமா?

பழமை பேசுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பழமைக்குப் போகட்டும். கிரேக்க தேசத்தில் எபிடாரஸ் என்ற இடத்தில் 2,300 ஆண்டுகளுக்கு முந்திய பெரிய கல் நாடக அரங்கு இருக்கிறது. அதையடுத்து நோய் தீர வேண்டி ஜனங்கள் வந்து தங்கிய கோவில் இருந்தது. அங்கே 9 கட்டிடங்களில் 11 கல் சாய்தளங்கள் இருந்தன என்றும், நடக்க முடியாதவர்கள் போய்வரவே அவற்றைப் போட்டிருக்க வேண்டும் என்றும் 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சொல்லுகிறது. ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றிலோ அதே 2020 டிசம்பரில் புது லிப்டே வைத்துவிட்டார்கள். அந்தப் பழமைக்கு முன்னால் நமது கொட்டகைகளின் நூற்றுச் சொச்சம் வருஷம் எம்மாத்திரம்?

சட்டமும் இல்லாமலில்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்கார் கட்டிடமானாலும் தனியார் கட்டிடமானாலும், பொழுதுபோக்குக்கும் கலைக்கும் ஜனங்கள் கூடுகிற இடத்தைப் பொதுக் கட்டிடம் என்றே சொல்லுகிறது. இருக்கிற பொதுக் கட்டிடங்களையெல்லாம் விதிகள் வெளியான 5 ஆண்டுகளுக்குள் திருத்தி அமைக்க வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022இலேயே தீர்ந்தது. அந்த விதிகளிலும் கட்டாயம் என்பதைக் காட்டிலும் சிபார்சு என்கிற தோரணையே இருப்பது சட்டத்துக்கு விரோதம் என்று 2024 நவம்பர் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, கட்டாய விதிகளை 3 மாதத்தில் செய்யும்படி உத்தரவிட்டது. ஊனமுற்றோர் என்று எழுதிவந்த சர்க்கார் இப்போது மாற்றுத்திறனாளி என்று மரியாதையாக எழுதுகிறது. சந்தோஷம். பெயர் ஏறிவிட்டது, ஆள்தான் ஏற முடியவில்லை.

செலவு என்ன பெரிய செலவு? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. ஏழு படிக்கு மூன்றரை அடி உயரமென்றால் 42 அடி நீளம். நடுவில் மடக்கித் திருப்பிக் கட்டினால் இடம் இன்னும் குறையும். அந்தக் கொட்டகை முன்னால் மோட்டார் நிறுத்த விட்டிருக்கும் இடம் அதைப் போல் பல பங்கு. முழங்கால் நோவுள்ள கிழவர்களும், பிள்ளைத்தாய்ச்சிகளும், மேடைச் சாமான் தூக்குகிற கூலியாட்களும் அதே வழியில்தான் போவார்கள்.

இதைச் சொல்லும்போது நமது யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். சென்ற வருஷம் நாம் நடத்திய கூட்டங்களில் இரண்டு, லிப்டு இல்லாத மாடியில் நடந்தவை. தோழர் அவற்றுக்கு வரவில்லை. ஏன் வரவில்லையென்று நாமும் கேட்கவில்லை. இனி நமது கூட்டங்கள் தரைமட்டத்தில்தான் நடக்கும்.

கொட்டகை நிர்வாகிக்கு மூன்று விஷயம் எழுதியிருக்கிறோம்: வாசலுக்குச் சாய்தளம், மேடை தெரிகிற இடத்தில் நாற்காலி நிறுத்த இரண்டு இடம், அகலமான வாசலுள்ள ஒரு கக்கூசு. பதில் வந்தால் அப்படியே வெளியிடுவோம். வராவிட்டால் அடுத்த நாடகத்துக்குத் தோழரோடு இன்னும் பல சக்கர நாற்காலிகளுக்கும் டிக்கெட்டு வாங்குவதாக இருக்கிறோம்.